"எங்களை ஒண்டும் செய்யாங்கள்": அதிதீவிர வலதுசாரி என்றால் யார், எது?

பரந்தன் சந்திக்குக் கிட்ட, பின்னேரங்களில் நான் பிளேன்ரீ குடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. 2025 பெப்ரவரியில் ஜேர்மனித் தேர்தல் முடிவு வந்த கிழமை அங்கே ஒரு பெரியவர் பேப்பரை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "வலதுசாரியள் வரட்டும் மாஸ்ரர். அவங்கள் முஸ்லிம்களைத்தான் கலைப்பாங்கள். எங்களை ஒண்டும் செய்யாங்கள். எங்கட பிள்ளையள் உழைச்சு வரி கட்டுதுகள்தானே." அவருடைய மூத்த மகன் இருபது வருடத்துக்கு மேலாக டோர்ட்முண்ட் நகரில் இருக்கிறார். கடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

நான் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறவன். இருந்தும் அன்று எனக்கு வாய் வரவில்லை. பதில் ஒரு வசனத்தில் அடங்காது. வலதுசாரி, தீவிரவாதி, இனவாதி, பாசிஸ்ட் என்ற நாலு சொல்லையும் நாங்கள் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். பிடிக்காதவன் மேல் அதில் ஒன்றை எடுத்து எறிகிறோம். பிறகு உண்மையான ஆபத்து படலைக்கு வரும்போது அதைக் கூப்பிட ஒரு பெயர் மிஞ்சுவதில்லை. ஆகவே தொடக்கத்திலிருந்து, ஆறுதலாக எழுதுகிறேன்.

## வலது, இடது: இருந்த இடத்தால் வந்த பெயர்

1789இல் பிரான்சின் தேசிய சபையில் ஒரு வாதம் நடந்தது. சபை எடுக்கும் முடிவை மறுக்கும் அதிகாரம் மன்னருக்கு இருக்கலாமா? இருக்கலாம் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கம் போய் இருந்தார்கள், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். அன்றிலிருந்து பழைய ஒழுங்கைப் பேண விரும்புவோருக்கு வலதுசாரிகள் என்றும், சமத்துவத்துக்காக அதை மாற்ற விரும்புவோருக்கு இடதுசாரிகள் என்றும் பெயர் நிலைத்தது.

இந்தச் சாதாரண வலதுசாரியால் ஆபத்து ஒன்றும் இல்லை. வரி குறைய வேண்டும், மரபு குலையக் கூடாது, குடியேற்றத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். நாங்கள் மறுத்து வாதாடலாம். தேர்தலில் தோற்றால் அவர் வீட்டுக்குப் போவார், அடுத்த முறை திரும்பக் கேட்பார்.

அதற்கு அப்பால் இரண்டு படி இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த அரசியல் அறிஞர் காஸ் மூடெ இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர். முதற்படியில் இருப்பவர் தீவிர வலதுசாரி. தேர்தலை ஏற்பார், ஆனால் சிறுபான்மையோரின் உரிமை, சுதந்திரமான நீதிமன்றம், கேள்வி கேட்கும் ஊடகம் என்பவற்றை இடைஞ்சல் என்பார். அடுத்த படியில் இருப்பவர் அதிதீவிர வலதுசாரி. எல்லோரும் சமமாக வாக்களித்து ஆட்சியை மாற்றும் முறையே பிழை என்பது இவருடைய வாதம். வன்முறை பெரும்பாலும் இந்தப் படியில்தான் நிற்கும். இரண்டு படிக்கும் நடுவில் மதில் இல்லை, பொட்டு விட்ட வேலிதான். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

## இரணைமடுவில் ஒரு சிறுபோகக் கூட்டம்

ஜனநாயகம் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், "பெரும்பான்மை சொல்வது" என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. மிச்சப் பாதிக்கு நான் அவர்களைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

சிறுபோகத்துக்கு முன்னம் கூட்டம் நடப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் துருசு திறப்பது என்று கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் இருந்து பேசுவார்கள். தண்ணீர் முழு வயலுக்கும் காணாது. ஒருவன் முழுக்க விதைக்க மற்றவன் வெடித்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்றுதான் பங்குமுறை வந்தது. சத்தம் வரும், சண்டையும் வரும், ஆனாலும் பங்கு என்பதை ஒருவரும் தொடமாட்டார்கள்.

இப்போது இப்படி வைத்துப் பாருங்கள். துருசுக்குக் கிட்டக் காணி உள்ளவர்கள் 60 பேர். வாய்க்காலின் கடைசிப் பக்கம் 40 பேர். 60 பேரும் கையை உயர்த்தி, "கடைசிப் பக்கத்துக்கு இந்தமுறை தண்ணீர் இல்லை" என்று தீர்மானிக்கிறார்கள். எண்ணிக்கை சரி, ஒழுங்கு சரி, கூட்டக் குறிப்பிலும் எழுதியாயிற்று. இது நீதியா?

ஜனநாயகத்துக்குள் இரண்டு பாகம் இருக்கிறது. பெரும்பான்மை முடிவெடுப்பது ஒன்று. பெரும்பான்மையால்கூடத் தொட முடியாத சில உரிமைகள் எல்லோருக்கும் இருப்பது மற்றது. இரண்டும் சேர்ந்ததைத் தாராண்மை ஜனநாயகம் என்கிறோம். தீவிர வலதுசாரி இந்த இரண்டாவது பாகத்தை வெட்டச் சொல்கிறார்: "60 பேர் சொன்னால் சொன்னதுதான்." அதிதீவிர வலதுசாரி அதற்கும் அங்கால் போகிறார்: "அந்த 40 பேர் கூட்டத்துக்கே வரக் கூடாது. அவங்கள் வந்தான் வரத்தான்கள்."

அந்தக் கடைசிப் பேச்சில் கேள்வியே மாறிப் போயிற்று. தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்ற கதை முடிந்து, ஊரவன் யார் என்ற கதை தொடங்கிவிட்டது. எனக்குச் சொல்ல இருப்பது அடிப்படையில் இதுதான்: கத்துவதையும் கொடி பிடிப்பதையும் வைத்து இந்த அரசியலை அடையாளம் காண முடியாது. இங்கே வாழ்கிறவர்களில் ஒரு பகுதியை ஆட்களாகக் கணக்கெடுக்க மறுப்பதுதான் இதன் நடுத்தூண்.

இதை நாங்கள் ஐரோப்பாவிலிருந்து கற்க வேண்டியதில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை ஒரே வெட்டில் நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. நாடாளுமன்றத்தில் கை உயர்த்தித்தான் செய்தார்கள்.

## கலவையில் என்னென்ன இருக்கிறது

அதிதீவிர வலதுசாரி இயக்கம் எந்த நாட்டில் இருந்தாலும் அதில் இந்தச் சரக்குகள் இருக்கும்.

பூர்வீகவாதம் முதலாவது. இந்த மண் ஓர் இனத்துக்கு அல்லது ஒரு மதத்துக்கு மட்டும் உரியது, மற்றவர்கள் விருந்தாளிகள், விருந்தாளி வீட்டுக்காரன் சொற்படி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் போக வேண்டும் என்பது. இரண்டாவது சர்வாதிகாரப் போக்கு: எல்லாச் சிக்கலுக்கும் ஓர் இரும்புக் கை இருந்தால் போதும் என்ற நம்பிக்கை. மூன்றாவதை வெகுசனவாதம் என்பார்கள். தூய மக்கள் ஒரு பக்கம், அவர்களை விற்றுத் தின்னும் மேட்டுக்குடி மறுபக்கம் என்று ஊரை இரண்டாகப் பிரித்து, "அந்த மக்களின் குரல் நான் ஒருவன்தான்" என்று ஒரு தலைவர் சொல்வது. அவர்தான் மக்கள் என்றால் அவரை எதிர்ப்பவன் மக்களுக்கு எதிரியாகிவிடுவான்.

இவற்றை ஒட்டவைக்கும் பசை ஒரு கதை. ஒருகாலத்தில் நாங்கள் பெரிய இனம், இப்போது சீரழிந்து கிடக்கிறோம், துரோகிகளும் அந்நியரும் சேர்ந்து எங்களை இப்படி ஆக்கினார்கள், ஒரு பெரிய துப்புரவுக்குப் பிறகு திரும்ப எழுவோம். முசோலினி உரோமப் பேரரசைச் சொன்னார், ஹிட்லர் ஆயிரம் வருட ஆட்சியைச் சொன்னார். எங்கள் தீவில் இதே இசைக்குப் பாடப்படும் வரிகளை வாசகர்களே நிரப்பிக்கொள்வார்கள். பேரினவாதம் என்று நாங்கள் சொல்வதும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை.

ஒன்றை இங்கே வலியுறுத்த வேண்டும். தன் மொழியை நேசிப்பதும், தன் நிலத்தில் தன்னைத் தானே ஆள விரும்புவதும் இந்தக் கலவைக்குள் சேராது. பக்கத்து வீட்டுக்காரனின் பங்கைப் பறிக்காமல் என் பங்கை நான் கேட்கலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சாதாரண வலதுசாரி வாதாடுவார், தீவிர வலதுசாரி உரிமைகளை வெட்டச் சொல்வார், அதிதீவிர வலதுசாரி ஆட்களையே வெட்டி எறியச் சொல்வார். பின்னிருவருக்கும் பொதுவானது, "நாங்கள்" என்பதற்குள் யார் என்று தாங்களே தீர்மானிக்கும் உரிமையைக் கோருவது.

## சாப்பாட்டில் ஒரு மாக்கட்டி

இப்படி ஒரு நம்பிக்கை சாதாரண மனிதருக்குள் எப்படி இறங்குகிறது? பிறக்கும்போதே ஒருவரும் வெறுப்போடு பிறப்பதில்லை. தொடக்கம் பெரும்பாலும் உண்மையான ஒரு மனக்குறை. கிழக்கு ஜேர்மனியில் 1990க்குப் பிறகு தொழிற்சாலைகள் வரிசையாகப் பூட்டப்பட்டன, இளம் ஆட்கள் மேற்குக்குப் போய்விட்டார்கள். இன்று அதிக வாக்கு விழுவதும் அந்தப் பக்கம்தான். வேலை இல்லை, வீட்டு வாடகை ஏறுகிறது, ஆஸ்பத்திரியில் வரிசை நீள்கிறது. இதற்கெல்லாம் காரணம் தேடினால் நீளமான, சலிப்பூட்டும் பதில்தான் வரும். ஆனால் ஒரு முகத்தைக் காட்டி "இவனால்தான்" என்றால் ஒரு நொடியில் விளங்கிவிடும். கோபத்துக்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டது.

பிறகு பயம் வேண்டும். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில், சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் ஒரு கட்டியைக் கண்டார். சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்குப் பயந்து தடுமாறிச் சொன்ன பதில், குற்ற ஒப்புதல் என்று பேஸ்புக்கில் பரவியது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வு பிறகு சொன்னது: அது வெறும் மாக்கட்டி. அதற்கிடையில் கண்டிப் பக்கத்துத் திகன எரிந்து முடிந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து, 2020 மேயில், தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்குப் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்த மாக்கட்டிக்கு உலகெங்கும் உறவினர் உண்டு. வெள்ளையரின் நாடுகளில் வெள்ளையர் திட்டமிட்டுக் குறைக்கப்பட்டு மற்றவர்கள் நிரப்பப்படுகிறார்கள் என்ற சதிக்கதைக்கு, பிரெஞ்சு எழுத்தாளர் ரெனோ கமு 2011இல் ஒரு பெயர் கொடுத்துப் பரப்பினார். மாபெரும் பதிலீடு என்று தமிழில் சொல்லலாம். 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவன் தன் அறிக்கைக்கு அந்தப் பெயரையே தலைப்பாக வைத்திருந்தான். கொலையைப் பேஸ்புக்கில் நேரலையாகவும் காட்டினான். அதே ஓகஸ்டில் அமெரிக்காவின் எல் பாசோவில் 23 பேர், 2022 மேயில் பஃபலோவில் 10 பேர். முதலாமிடத்தில் குறிவைக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள், இரண்டாமிடத்தில் இலத்தீன் அமெரிக்கப் பின்னணியினர், மூன்றாமிடத்தில் கறுப்பினத்தவர். கதை ஒன்றுதான், எதிரியின் பெயர் மட்டும் மாறுகிறது.

"அவங்கள் பெருகுறாங்கள், நாங்கள் குறைஞ்சு போறம்." இந்த வசனத்தைச் சிங்களத்தில் கேட்டிருக்கிறோம், ஆங்கிலத்தில் கேட்கிறோம். வட்ஸ்அப்பில் தமிழிலும் எனக்கு வந்திருக்கிறது.

## "முஸ்லிம்களைத்தான்"

பெரியவரின் வசனத்துக்கு இனி வருகிறேன்.

2000க்கும் 2007க்கும் இடையில் ஜேர்மனியில் பல நகரங்களில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கியப் பின்னணி கொண்டவர்கள், ஒருவர் கிரேக்கர், ஒருவர் ஜேர்மன் பொலிஸ் பெண். பூக்கடை, தையல்கடை, சாப்பாட்டுக்கடை என்று சின்னத் தொழில் செய்தவர்கள் பலர். பல வருடமாகப் பொலிஸ் கொலையாளியைத் தேடியது செத்தவர்களின் வீட்டுக்குள்: போதைப்பொருளா, கடனா, குடும்பச் சண்டையா என்று. மனைவியரும் பிள்ளைகளும் சந்தேகத்தோடு விசாரிக்கப்பட்டார்கள். 2011 நவம்பரில்தான் உண்மை வெளியானது. கொன்றது தேசிய சோசலிச நிலவறை என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு நவநாசிக் குழு. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் 2006 ஏப்ரலில் டோர்ட்முண்டில், தன் சிறுகடைக்குள் கொல்லப்பட்டவர்.

துவக்கை நீட்டுகிறவன் அடையாள அட்டை கேட்பதில்லை. கிரேக்கர் ஒரு கிறிஸ்தவ நாட்டிலிருந்து போனவர், அது அவரைக் காக்கவில்லை. வரி கட்டியதும் மற்றவர்களைக் காக்கவில்லை.

அடுத்தது நோர்வே. 2011 யூலை 22இல் ஒஸ்லோவில் அரச கட்டடத்துக்கு முன் குண்டு வைத்து 8 பேரையும், உத்தோயா தீவில் 69 பேரையும் ஒருவன் கொன்றான். தீவில் இருந்தவர்கள் தொழிற்கட்சியின் இளைஞர் முகாமுக்கு வந்த பிள்ளைகள், பெரும்பாலும் வெள்ளை நோர்வேஜியர். கொன்றவனும் வெள்ளை நோர்வேஜியன். முஸ்லிம்களையும் குடியேறியவர்களையும் நாட்டுக்குள் விட்ட "துரோகிகள்" இவர்கள்தான் என்பது அவன் கணக்கு. இந்த இயக்கங்கள் அந்நியனைப் பற்றியே பேசும், ஆனால் சுடும்போது சொந்தப் பிள்ளைகளையும் சுடும். அன்று அந்தத் தீவில் எங்கள் பிள்ளையும் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதில் நோர்வே போன ஹம்சாயினி குணரத்தினம் குளிர்ந்த நீரில் நீந்தித் தப்பினார். 2015இல் ஒஸ்லோவின் பிரதி மேயரானார், 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்.

மூன்றாவது என் வீட்டுக் கதை. 2024 யூலை 29இல் இங்கிலாந்தின் சவுத்போட் நகரில் நடன வகுப்பில் இருந்த மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். செய்தவன் வேல்ஸ் நாட்டின் காடிஃப் நகரில் பிறந்த 17 வயதுப் பெடியன். ஆனால் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய்ப் பெயரோடு செய்தி பறந்தது. அடுத்த நாள் இரவு அந்த ஊர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஒரு கிழமைக்குள் பல ஊர்களுக்குப் பரவி, ஓகஸ்ட் 4இல் ரொதரம் பக்கத்தில் அகதிகள் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். என் அக்காவின் மகன் வட இங்கிலாந்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறான். எங்களுக்கு நடுச்சாமம், அவன் எடுத்தான். "மாமா, முதலாளி நேரத்தோட பூட்டச் சொல்லிட்டார். பஸ்ஸில போகப் பயமாக் கிடக்கு. ஆர் எந்த ஊர் எண்டு அவங்கள் பாக்கிறேல்ல, தோலைத்தான் பாக்கிறாங்கள்." முள்ளிவாய்க்காலில் ஒன்பது வயதில் பங்கருக்குள் இருந்தவன் அவன். அந்தக் குரலை 15 வருடத்துக்குப் பிறகு திரும்பக் கேட்டேன்.

மூன்று நாள் கழித்து, ஓகஸ்ட் 7 இரவு, அவன் ஒரு படம் அனுப்பினான். வன்முறைக்காரர் கூடப்போவதாகச் சொன்ன ஊர்களில் ஆயிரக்கணக்கில் பொதுமக்கள் வந்து வீதியை நிரப்பிய இரவு அது. பெரும்பாலான இடங்களில் வன்முறைக்காரர் தலைகாட்டவில்லை. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

## வாசலால் வந்து வாசலைப் பூட்டுவது

குண்டும் துப்பாக்கியும் ஜனநாயகத்துக்கு வரும் ஆபத்தின் ஒரு பாதி. மற்றப் பாதி வாக்குப்பெட்டியால் வரும். பாடப்புத்தகத்தில் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார் என்று ஒரு வசனத்தில் கடந்துவிடுவதால், பலர் படையெடுத்துப் பிடித்ததாக நினைக்கிறார்கள். 1923இல் ஆயுதத்தோடு முயன்று தோற்றவர் அவர். பிறகு தேர்தலுக்கு வந்தார். 1928இல் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது 2.6 வீதம். உலகப் பொருளாதாரம் விழுந்து, வேலையில்லாதோர் தொகை 60 இலட்சத்தை எட்டிய 1932இல், யூலைத் தேர்தலில் அது 37.3 வீதம். அதே நவம்பரில் 33.1 ஆகக் குறைந்தது. சுதந்திரமான தேர்தல் ஒன்றிலும் அவர் பாதி வாக்கைப் பெறவில்லை.

1933 ஜனவரி 30இல் அவரைப் பிரதமராக்கியது, "நாங்கள் இவரைக் கையாண்டுகொள்வோம்" என்று நினைத்த பழைய வலதுசாரிகள். பெப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. அதைச் சாட்டாக வைத்து அவசரகால ஆணை வந்து உரிமைகள் நிறுத்தப்பட்டன. மார்ச் 23இல், சட்டமியற்றும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கே கொடுக்கும் சட்டம் 444 வாக்குக்கு 94 என்று நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளே விடவில்லை. எதிர்த்து நின்ற 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். யூலை நடுப்பகுதியில் நாட்டில் ஒரே ஒரு கட்சிதான் சட்டபூர்வமானது. ஆறு மாதம் போதுமாயிருந்தது.

வாசல் திறந்திருந்ததால் வந்தார், வந்ததும் பூட்டினார். ஜனநாயகத்தின் சிக்கல் இதுதான்: தன்னை அழிக்க வருகிறவனுக்கும் அது வாக்குக் கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது.

பூட்டுவது ஒரே நாளில் நடக்கத் தேவையில்லை. முதலில் நீதிபதியைத் துரோகி என்பார்கள், பிறகு பத்திரிகையாளரை. 2023 செப்டெம்பரில், விகாரை கட்டுவது தொடர்பான குருந்தூர்மலை வழக்கை விசாரித்துவந்த முல்லைத்தீவு நீதிபதி, உயிரச்சுறுத்தலும் அழுத்தமும் இருப்பதாக எழுதிப் பதவி விலகி நாட்டை விட்டே போனார். அதற்கு முன் நாடாளுமன்றத்துக்குள் வைத்தே அவரைத் தாக்கிப் பேசியிருந்தார்கள். அச்சுறுத்தல் எதுவும் இருக்கவில்லை என்று அரசாங்கத் தரப்பு சொன்னது. எங்களுக்குத் தெரிந்தது, ஒரு நீதிபதியின் கதிரை வெறுமையானதுதான்.

## தடைசெய்தால் தீருமா

போருக்குப் பிந்திய ஜேர்மனி ஒரு பதிலை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. ஜனநாயக ஒழுங்கை ஒழிக்க முயலும் கட்சியை அரசியலமைப்பு நீதிமன்றம் தடைசெய்யலாம். இதைத் தற்காப்பு ஜனநாயகம் எனலாம். 1952இல் நாசிக் கட்சியின் வாரிசாக வந்த ஒரு கட்சி அப்படித் தடைசெய்யப்பட்டது. 2017இல் இன்னொரு கட்சியின் நோக்கம் அரசியலமைப்புக்கு எதிரானதுதான் என்று கண்ட நீதிமன்றம், அதைச் சாதிக்கும் பலம் அதற்கில்லை என்று தடைசெய்ய மறுத்தது. பெரியவர் பேசிய "ஜேர்மனிக்கான மாற்று" கட்சி 2025 பெப்ரவரியில் 20.8 வீதத்தோடு இரண்டாமிடத்துக்கு வந்தது. சின்னக் கட்சியைத் தடைசெய்யத் தேவையில்லை, பெரிய கட்சியைத் தடைசெய்வது ஐந்தில் ஒருவரின் வாக்கைத் தடைசெய்வதாகிவிடும். இந்த முடிச்சை அங்கே இன்னும் அவிழ்க்கவில்லை.

கிரேக்கத்தின் வழி வேறு. பொன் விடியல் என்ற நவநாசிக் கட்சி 2012இல் நாடாளுமன்றத்துக்குள் வந்தது. அடுத்த வருடம் அதன் ஆள் ஒருவன் ஓர் இடதுசாரிப் பாடகரைக் குத்திக் கொன்றான். நீண்ட வழக்குக்குப் பிறகு 2020 ஒக்டோபரில், கட்சியின் தலைமையே ஒரு குற்றக்கும்பலை நடத்தியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருத்தை விட்டுவிட்டுக் குற்றத்தைப் பிடித்தார்கள். எனக்கு இதுதான் நல்ல வழியாகப் படுகிறது.

ஏன் என்றால், பேச்சைத் தடுக்கும் சட்டம் யார் கையில் இருக்கும் என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த ஓர் இளம் முஸ்லிம் கவிஞர், தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். ஒன்றரை வருடத்துக்கு மேல் தடுப்பில் இருந்தார். 2023இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தக் கவிதைகளில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. தீவிரவாதத்தைப் பிடிக்க விரித்த வலையில் பலவீனமானவன் முதலில் சிக்குவான்.

சுருக்கமாக: இந்த இயக்கங்கள் வன்முறையாலும் வரும், வாக்காலும் வரும். முதலாவதுக்குச் சட்டமும் பொலிசும் வேண்டும். இரண்டாவதுக்கு, கூட்டாளி சேர மறுக்கும் கட்சிகளும், பயப்படாத நீதிமன்றமும், பொய்யை அன்றைக்கே மறுக்கும் ஊடகமும், வீதிக்கு வரும் அயலவரும் வேண்டும்.

## எங்கள் வேலிக்கு உள்ளே

குளத்துக் கூட்டத்தை வகுப்பில் சொன்ன ஒரு நாள், பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். பாரதிபுரத்துப் பிள்ளை. "சேர், அந்த 40 பேர் நாங்கள்தானே?" என்றாள்.

அவளுடைய தாத்தா 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர். அப்படி வந்த குடும்பங்கள்தான் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம், தருமபுரம் என்று காட்டை வெட்டிக் கிளிநொச்சியின் பல குடியிருப்புகளை உண்டாக்கின. வன்னியின் போரில் பிள்ளைகளைக் கொடுத்தார்கள், வயல்களில் கூலிக்கு நின்றார்கள். இருந்தும் பல குடும்பங்களுக்குக் காணி உறுதி இல்லை, பொதுக்கூட்டத்தில் முன்வரிசை இல்லை, பேச்சு வாக்கில் வந்து விழும் அந்த இழிசொல் மட்டும் இருக்கிறது. 1948இல் கொழும்பு அவர்களை வெட்டியது என்று பேசுகிறோம். நாங்கள் இன்று வைத்திருக்கும் கத்தியைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்ததைச் சொல்வது இன்னும் கடினம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், யாழ்ப்பாணம் எங்கும், வவுனியாவின் சில பகுதிகளிலும். கையில் கொண்டுபோகக் கூடியதை மட்டும் கொண்டு போனார்கள். வலதுசாரி என்ற பெயர் அந்தச் செயலுக்குப் பொருந்தாது. ஒடுக்கப்பட்ட ஓர் இனத்தின் போருக்குள் அது நடந்தது. ஆனால் "நீங்கள் இந்த ஊர் இல்லை" என்ற அந்த ஒரு வசனம் பொருந்துகிறது. எங்கள் வாயாலும் அது வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான், டோர்ட்முண்டிலோ ரொதரத்திலோ அதைக் கேட்கும்போது அது என்ன என்று விளங்கும்.

பிள்ளையின் கேள்விக்கு நான் "ஓம்" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. முன்வாங்கில் இருந்த ஒரு பெடியன், இரணைமடுக் கமக்காரரின் மகன், திரும்பி அவளைப் பார்த்து, "அப்ப நாங்கள் அந்த 60ஓ?" என்று கேட்டான். பாடவேளை முடிந்தும் ஒருவரும் எழும்பவில்லை.

சில நாள் கழித்துத் தேநீர்க்கடைக்குப் போனேன். பெரியவர் இருந்தார். முதலில் மருமகன் அனுப்பின படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "இவையள் எல்லாம் வெள்ளையளே?" என்றார். கனபேர் அப்படித்தான் என்றேன். பிறகு டோர்ட்முண்ட் சிறுகடையைப் பற்றிச் சொன்னேன். எந்த வீதி என்று கேட்டார். மலிங்க்ரோட் வீதி என்றேன்.

அவர் போனை எடுத்து மகனை அழைத்தார். அங்கே மத்தியானம். ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, உந்த மலிங்க்ரோட் வீதி எண்டு ஒண்டு இருக்காம். உனக்குத் தெரியுமே?"

"ஓமப்பா. அதாலதானே நான் வேலைக்குப் போறனான். ஏன் கேக்கிறியள்?"